மௌனம் தோழமையாகுமா?

1999ஆம் ஆண்டு வெளிவந்த 'பிரிங்கிங் அவுட் தி டெட்' என்னும் ஆங்கிலத் திரைப்படம், மார்ட்டின் ஸ்கோர்செஸியின் படைப்புகளுள் அதிகம் பேசப்படாத ஒன்று. 'இறந்தோரை வெளிக்கொணர்தல்' என்று அதன் தலைப்பை நாம் தமிழாக்கிக்கொள்ளலாம். நியூயார்க் நகரில் ஆம்புலன்ஸ் மருத்துவப் பணியாளராக இருந்த ஜோ கானலி, தம் அனுபவத்தின் அடியாக எழுதி 1998இல் வெளியிட்ட புதினமே இப்படத்திற்கு மூலம். திரைக்கதை எழுதியவர் பால் ஷ்ரேடர். இளமையில் குருத்துவ வாழ்வை நாடி அதற்கான பள்ளியில் சிறிது காலம் பயின்ற கத்தோலிக்கர் ஸ்கோர்செஸி. கண்டிப்பான கால்வினியக் குடும்பத்தில் வளர்ந்தவர் ஷ்ரேடர். 1976இல் 'டாக்ஸி டிரைவர்' படத்தில் முதன்முதலாக இணைந்த இவ்விருவரும் சேர்ந்து உருவாக்கிய நான்காவது படம் இது. பாவம், அருள், மீட்பு ஆகிய சொற்கள் இருவருக்குமே ஏட்டுச் சொற்கள் அல்ல என்பதைப் படத்தின் ஒவ்வொரு காட்சியும் காட்டுகிறது.

இப்படத்தில் கிறிஸ்தவக் குறியீடுகளுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் பட்டியலிடுவது நம் நோக்கமன்று. நாம் வேறொரு கேள்வியோடு இப்படத்தை அணுகுகிறோம். உயிர் காக்கும் பணியில் உள்ள ஒருவர் தவறிவிட்டால், அவரோடு ஒரே வாகனத்தில் அமர்ந்து செல்லும் சக பணியாளரின் கடமை யாது? அவர் பக்கம் நிற்பதா? அவரைக் குறித்துத் தீர்ப்புச் சொல்வதா? இரண்டும் ஒன்றுக்கொன்று பகையா? பரிவைப் பற்றி இவ்வளவு ஆழமாகப் பேசும் ஒரு படம், இந்தக் கேள்வியின் வாசலில் நின்றுவிட்டு உள்ளே நுழையாமல் திரும்பிவிடுகிறது என்பதே நம் மதிப்பீடு. அது ஏன் என்பதை ஆராய்வது, மருத்துவப் பணியில் இருப்போருக்கு மட்டுமன்றி நம் எல்லாருக்குமே பயன்தரும்.

மூன்று இரவுகள், மூன்று தோழர்கள்

கதை நிகழ்வது 1990களின் தொடக்கத்தில், நியூயார்க்கின் ஹெல்ஸ் கிச்சன் பகுதியில், அடுத்தடுத்து வரும் மூன்று இரவுகளில். நிக்கோலஸ் கேஜ் நடித்துள்ள ஃபிராங்க் பியர்ஸ், இரவுப் பணியில் ஆம்புலன்ஸில் செல்லும் மருத்துவப் பணியாளன். பல மாதங்களாக அவன் கைபட்ட எவரும் பிழைக்கவில்லை. அவனை உருக்குலைத்தது ரோஸ் என்ற இளம்பெண்ணின் சாவு. ஆஸ்துமாவால் மூச்சுத் திணறிய அவளைத் தெருவிலேயே வைத்துக் காப்பாற்ற அவன் முயன்றான். மூச்சுக்குழாய்க்குள் குழலைச் செலுத்தும் முயற்சி கைகூடவில்லை, அவள் இறந்துவிட்டாள். அன்றிலிருந்து தெருவில் எதிர்ப்படும் முகங்களில் எல்லாம் ரோஸின் முகத்தையே அவன் காண்கிறான்.

மூன்று இரவுகளிலும் மூன்று வெவ்வேறு தோழர்கள் அவனோடு வருகின்றனர். முதல் இரவில் வருபவன் லேரி. அவனுடைய வாழ்க்கை நெறி எளிது: நடந்ததை எண்ணாதே, அடுத்த வேளை எங்கே உண்பது என்று பார். இரண்டாம் இரவில் வருபவன் மார்க்கஸ். ஆரவாரமான இறைப்பற்றும் உல்லாசமும் ஒருசேரக் கொண்டவன். உயிர் போவதும் வருவதும் ஆண்டவர் கையில் என்று எல்லாவற்றையும் மேலே ஒப்படைத்துவிடுகிறவன். மூன்றாம் இரவில் வருபவன் டாம் வால்ஸ். நோயாளிகள்மீதே வெறுப்புக் கொண்டவன். கை ஓங்கத் தயங்காதவன்.

இவர்கள் நோயாளிகளைக் கொண்டுசேர்க்கும் மருத்துவமனைக்கு இடைவிடா இரக்கத்தின் அன்னையின் பெயர். நெரிசலும் அவலமும் நிறைந்த அந்த இடத்தை அங்கே வேலை செய்வோர் துயரத்தின் அன்னை என்று கசப்போடு அழைக்கின்றனர். முதல் இரவில் மாரடைப்பால் விழுந்த பர்க் என்ற முதியவரின் இதயத்தை ஃபிராங்க் மீண்டும் இயங்கவைக்கிறான். ஆனால் அந்த முதியவர் உண்மையில் மீளவில்லை. கருவிகளின் துணையோடு, திரும்பத் திரும்ப மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டு, மூன்று நாள்களும் படுக்கையில் கிடக்கிறார். அவருடைய மகள் மேரியோடு ஃபிராங்குக்கு ஏற்படும் உறவே கதையின் மெல்லிய இழை.

படம் வென்ற இடம்

முதலில் இப்படத்தின் பெருமையைச் சொல்வதே முறை. குற்றவுணர்வை இது நோயாக மட்டும் பார்ப்பதில்லை. இக்காலத்தில் எவரேனும் தம் பிழையை எண்ணி வருந்தினால், 'உன்மேல் தவறில்லை, மறந்துவிடு' என்று சொல்வதையே ஆறுதல் என்று கொள்கிறோம். ஃபிராங்கிடமும் அப்படிச் சொல்ல ஆள்கள் இருக்கின்றனர். அவனால் மறக்க இயலவில்லை. ஓர் உயிர் தன் கைகளில் பிரிந்தது சிறு செய்தியன்று என்பதை அவனுடைய மனச்சான்று அறிந்திருக்கிறது. அந்த அறிவைப் படம் மதிக்கிறது.

பணியின் பொருளைப் பற்றியும் படம் ஆழ்ந்து பேசுகிறது. உயிர்காப்பது தன் வேலையின் ஒரு சிறு பகுதியே, துன்புறுவோர் அருகில் சாட்சியாக நிற்பதே பெரும்பகுதி என்ற உணர்வுக்கு ஃபிராங்க் வருகிறான். நோயாளியின் படுக்கையருகே அமர்ந்திருந்த எவருக்கும் இதன் உண்மை விளங்கும்.

தோழமையின் இனிமையும் படத்தில் உண்டு. போதைப்பொருள் மிகுந்து ஓர் இளைஞன் நினைவிழந்து கிடக்கிறான். மார்க்கஸ் சுற்றி நிற்போரைக் கைகோத்து நிற்கச் செய்து உரத்த குரலில் இறைவேண்டல் எழுப்புகிறான். அந்த நேரத்தில் ஃபிராங்க் ஓசைப்படாமல் மாற்று மருந்தை ஊசிவழியே ஏற்றுகிறான். இளைஞன் எழுந்து உட்கார, கூட்டம் அதைப் புதுமை என்று வியக்கிறது. ஃபிராங்க் ஒன்றும் சொல்வதில்லை. புகழைத் தோழனுக்கே விட்டுவிடுகிறான். நாம் புன்னகையோடு காணும் காட்சி இது. இங்கே மௌனத்தால் எவருக்கும் இழப்பில்லை. நோயாளி பிழைத்தான், தோழன் மகிழ்ந்தான்.

ஆனால் எல்லா மௌனமும் இவ்வகையினதன்று. இந்த வேறுபாட்டைத்தான் படம் கடைசிவரை பின்தொடரவில்லை.

படம் சறுக்கிய இடம்

மூன்றாம் இரவுக்கு வருவோம். நோயல் என்பவன் மனநோயால் அலையும் வீடற்ற இளைஞன். தீராத தாகம் கொண்டவன். காண்போரிடமெல்லாம் தண்ணீர் கேட்பவன். டாம் வால்ஸுக்கு அவன்மேல் நெடுநாள் எரிச்சல். அவனை அடித்து நொறுக்க டாம் அழைக்கும்போது, சோர்ந்து நிலைதடுமாறியிருக்கும் ஃபிராங்க் முதலில் உடன்படுகிறான். இருவரும் நோயலைத் துரத்திச் செல்கின்றனர். டாம் மட்டையால் அடித்துக்கொண்டிருப்பதைக் கண்ணால் கண்டபிறகே ஃபிராங்கின் மனம் விழித்துக்கொள்கிறது. டாமைத் தடுக்கிறான், தன் வாயை நோயலின் வாயில் வைத்து மூச்சு ஊதுகிறான்.

மனத்தை உலுக்கும் காட்சி. ஆயின் அதற்குப் பின்? உயிர் காக்க அனுப்பப்பட்ட ஒருவன், நோயாளியைக் கொல்லுமளவு அடித்திருக்கிறான். இன்னொருவன் அதைப் பார்த்திருக்கிறான். மருத்துவமனையில் எவரும் கேட்பதில்லை. ஃபிராங்க் எவரிடமும் சொல்வதில்லை. மறுநாள் இரவும் டாம் வால்ஸ் வேறொரு தோழனோடு, வேறொரு நோயாளியின் வீட்டுக் கதவைத் தட்டக்கூடும். இந்த எண்ணம் படத்தைத் தொந்தரவு செய்வதாகவே தெரியவில்லை.

இங்கே படம் இரு வேறு செயல்களை ஒரே இருளில் கரைத்துவிடுகிறது. ரோஸின் சாவில் ஃபிராங்கின் கை தோற்றது. அவன் மனம் தோற்கவில்லை. அவளைக் காக்கவே அவன் முயன்றான். நோயலின் காயத்திலோ டாமின் கை தோற்கவில்லை. அது நினைத்ததைச் செய்து முடித்தது. முன்னது பிழை, பின்னது வன்முறை. பிழை செய்தவன் படம் முழுவதும் நரக வேதனைப்படுகிறான். வன்முறை செய்தவன் எவர்க்கும் பதில் சொல்லாமல் போகிறான். 'இரவு அத்தகையது, நகரம் அத்தகையது, எல்லாரும் களைத்தவர்கள்' என்ற பொதுவான இரக்கத்தில் படம் இருவரையும் போர்த்திவிடுகிறது.

மேலதிகாரியின் காட்சியும் நினைக்கத்தக்கது. தாமதமாக வந்தால் பணிநீக்கம் என்று எச்சரிக்கப்பட்டிருந்த ஃபிராங்க், 'என்னை நீக்கிவிடுங்கள்' என்று தானே போய்க் கெஞ்சுகிறான். ஆள் பற்றாக்குறை, நாளை நீக்குகிறேன், இன்று வண்டியில் ஏறு என்று அவனை அனுப்பிவைக்கிறார் அதிகாரி. அரங்கம் சிரிக்கும் இடம் அது. நாமும் சிரிக்கிறோம். சிரித்து முடித்தபின் எண்ணிப் பார்த்தால் நடுக்கம் பிறக்கிறது. பணிக்குத் தகுதியற்ற நிலையில் இருக்கிறேன் என்று ஒருவன் தானே வந்து சொல்லியும், அச்சொல்லைக் கேட்பதற்கு அந்த அமைப்பில் காது இல்லை.

இதன் விளைவு கடைசியில் வெளிப்படுகிறது. படுக்கையில் கிடக்கும் முதியவர் பர்க், தம்மைப் போகவிடுமாறு கெஞ்சுவதாக ஃபிராங்கின் செவியில் ஒலித்துக்கொண்டே இருக்கிறது. ஒரு நிலையில் அவன், நோயாளியின் உடலோடு இணைந்திருந்த கண்காணிப்புக் கம்பிகளைத் தன் உடலில் மாட்டிக்கொண்டு, சுவாசத்திற்கான இணைப்பை நீக்கி, அவரைச் சாகவிடுகிறான். கருவி ஃபிராங்கின் இதயத் துடிப்பைக் காட்டுவதால் எவருக்கும் ஐயம் எழுவதில்லை.

பயனற்ற, நோயாளிக்குப் பெருஞ்சுமையான சிகிச்சையை நிறுத்துவது கொலையாகாது என்பது திருச்சபையின் தெளிவான போதனை. 1980ஆம் ஆண்டின் கருணைக்கொலை பற்றிய அறிக்கையும், 1992இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வியும் இதைக் கூறுகின்றன. ஆகவே பர்க்கின் சிகிச்சை நீடித்திருக்கவேண்டுமா என்பது நேர்மையான கேள்வியே. ஆனால் அம்முடிவை எடுக்க வேண்டியவர் நோயாளி. அவரால் இயலாதபோது அவர் சார்பில் பேச உரிமை பெற்றவர்கள். ஃபிராங்க் மகளிடம் கேட்கவில்லை, மருத்துவரிடம் சொல்லவில்லை, தன் உள்ளத்தில் ஒலித்த குரல் ஒன்றையே சான்றாகக் கொண்டான். படம் இச்செயலை விடுதலையாகவே காட்டுகிறது. நாமோ அதில் ஒரு கொடிய தனிமையைக் காண்கிறோம். தோழர்கள் ஒருவரையொருவர் வெளிப்படையாக ஆராயாத இடத்தில், ஒவ்வொருவனும் தனக்குத் தானே நீதிபதியாகிறான். தண்டனையையும் தானே விதித்துக்கொள்கிறான். விடுதலையையும் தானே வழங்கிக்கொள்கிறான். டாமின் துணிச்சலும் ஃபிராங்கின் வேதனையும் ஒரே மரத்தில் காய்த்தவைதாம்.

பிழையும் மீறலும்

படம் செய்யத் தவறிய வேறுபாட்டை, அதற்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு சமூகவியலாளர் செய்திருந்தார். அமெரிக்கப் போதனா மருத்துவமனை ஒன்றில் அறுவை மருத்துவர்களோடு பல மாதங்கள் கூடவே இருந்து கவனித்த சார்ல்ஸ் பாஸ்க், 1979இல் ஒரு நூலை வெளியிட்டார். மன்னி, ஆனால் நினைவில் வை என்று பொருள்படும் தலைப்பு அதற்கு. மூத்த மருத்துவர்கள் இளையோரின் தவறுகளை எவ்வாறு எடைபோடுகிறார்கள் என்பதே அவருடைய ஆய்வு.

அவருடைய வகைப்பாடு நுட்பமானது; நமக்கு வேண்டிய சாரத்தை மட்டும் சொல்வோம். கைத்திறனில் நேரும் பிழையும், முடிவெடுப்பதில் நேரும் பிழையும் ஒரு வகை. அவற்றை மறைக்காமல் உடனே சொல்லி, அதிலிருந்து கற்று, மீண்டும் மீண்டும் செய்யாதவரை, மூத்தவர்கள் அவற்றை மன்னித்தார்கள். தன் கடமைக்கே உண்மையற்றுப்போவது இன்னொரு வகை. நோயாளியை அசட்டை செய்தல், நடந்ததை மறைத்தல், பொய் சொல்லல் ஆகியவை அதில் அடங்கும். விளைவு சிறிதாயினும் அதை அவர்கள் பெரிதாக எடுத்துக்கொண்டார்கள். தவறியவனை விட, மறைத்தவனே நம்பத் தகாதவனாகக் கருதப்பட்டான்.

இந்த அளவுகோலில் வைத்துப் பார்த்தால் ஃபிராங்கின் நிலை தெளிவாகிறது. ரோஸின் சாவு ஆராயப்பட்டிருக்க வேண்டும். குழல் ஏன் நுழையவில்லை, வேறு வழி இருந்ததா, அன்று அவன் எத்தனை மணி நேரம் உறங்காமல் இருந்தான் என்று தோழர்கள் அமர்ந்து பேசியிருக்க வேண்டும். அதன்பின் ஒன்று அவன் கற்றுக்கொண்டிருப்பான். அல்லது எவராலும் இயன்றிராது என்று அறிந்து ஆறுதல் பெற்றிருப்பான். ஆராயப்படாத பிழைக்கு முழுமையான மன்னிப்பும் இல்லை. எதை மன்னிக்கிறோம் என்று அறியாமல் மன்னிப்பது எப்படி?

நம் மரபு இதை நன்கு அறியும். புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் சகோதரத் திருத்தத்தைப் பற்றித் தனியாக ஒரு வினாவை அமைத்து ஆராய்கிறார். தவறியவரின் நலனை நாடிச் செய்யும் திருத்தம் அன்பின் செயல். பிறர்க்கு நேரும் தீங்கைத் தடுத்துப் பொதுநலம் காக்கச் செய்யும் திருத்தம் நீதியின் செயல் என்று அவர் இரண்டாகப் பிரிக்கிறார். மறைவில் நடந்த பாவத்தை முதலில் தனிமையில் எடுத்துரைப்பதே ஒழுங்கு என்று ஒப்புக்கொள்ளும் அவர், அந்தத் தீமை பிறரை அழிக்கக்கூடியதாயின் காத்திராமல் உடனே வெளிப்படுத்த வேண்டும் என்கிறார். நகரத்தைப் பகைவர்க்குக் காட்டிக்கொடுக்கத் திட்டமிடுகிறவனை அவர் எடுத்துக்காட்டாகச் சொல்கிறார். டாம் வால்ஸைப் பற்றி ஃபிராங்க் என்ன செய்திருக்க வேண்டும் என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மத்தேயு நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தையும் இங்கே எண்ணிப் பார்ப்பது தகும். கணக்குப் பாராமல் மன்னிக்கும்படி பேதுருவுக்குச் சொல்லப்பட்டது அந்த அதிகாரத்தில்தான். தவறிய சகோதரரைத் தனியாகவும், பின் ஓரிருவரோடும், பின் திருச்சபையின் முன்னும் திருத்தும் படிகள் சொல்லப்பட்டதும் அதே அதிகாரத்தில்தான்; அதுவும் மன்னிப்புப் பற்றிய பகுதிக்கு முன்பாக. நாம் பின்பாதியை மனப்பாடம் செய்துகொண்டு முன்பாதியை மறந்துவிடுகிறோம். இப்படமும் அவ்வாறே செய்கிறது.

திரைக்கு வெளியே

இவை வெறும் ஏட்டு விவாதங்கள் அல்ல. பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் கோட்மன், ஒவ்வொரு நோயாளியும் சிகிச்சைக்குப் பின் என்ன ஆனார் என்பதைத் தொடர்ந்து கவனித்து, பலன் கிட்டவில்லையெனில் ஏன் என்று மருத்துவமனைகள் பதிவுசெய்ய வேண்டும் என்று வாதாடினார். தாமே 1911இல் ஒரு சிறு மருத்துவமனையைத் தொடங்கி, 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்ற 337 நோயாளிகளின் விவரத்தை அச்சிட்டார். அவற்றுள் 123 பிழைகளைத் தாமே கண்டு எழுதியிருந்தார். சக மருத்துவர்களைக் கேலிசெய்யும் கருத்துப்படம் ஒன்றை 1915இல் ஒரு கூட்டத்தில் வெளியிட்டபின், ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் அவர் வகித்த பதவி போயிற்று. அவருடைய நடை கரடுமுரடானதுதான். ஆயினும் தோழர்களை அதிகம் புண்படுத்தியது அந்தப் படமா, அவர் கேட்ட கேள்வியா என்று நாம் ஐயுறலாம். இன்று மருத்துவத் தர ஆய்வின் முன்னோடியாக அவர் போற்றப்படுகிறார்.

ஸ்கோர்செஸியின் படம் திரைக்கு வந்த அதே 1999இன் இறுதியில், அமெரிக்க மருத்துவக் கழகம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அந்நாட்டு மருத்துவமனைகளில் தடுக்கக்கூடிய பிழைகளால் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர்வரை இறக்கக்கூடும் என்று அது மதிப்பிட்டது. தவறியவரைத் தேடித் தண்டிப்பதால் மட்டும் இது குறையாது. பிழை நேர இடந்தரும் ஏற்பாடுகளையே திருத்த வேண்டும். அதற்குப் பிழைகள் அச்சமின்றிச் சொல்லப்பட வேண்டும் என்பதே அவ்வறிக்கையின் சாரம்.

சொல்பவர்க்கு என்ன நேர்கிறது என்பதை அண்மைக்கால நிகழ்ச்சி ஒன்று காட்டியது. 2017 டிசம்பரில் டென்னசி மாநில மருத்துவமனை ஒன்றில், பதற்றத்தைத் தணிக்கும் மருந்துக்குப் பதிலாகத் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் மருந்தை ஒரு செவிலியர் தவறுதலாக ஏற்றிவிட்டார். 75 வயது நோயாளி இறந்தார். எச்சரிக்கைகளைக் கவனியாமல் விட்டது அவருடைய பிழை. அதை அவர் மறைக்கவில்லை. ஆயினும் 2022 மார்ச்சில் குற்றவியல் நீதிமன்றத்தில் அவர் குற்றவாளியாகக் காணப்பட்டார். மே மாதத்தில் மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு விதிக்கப்பட்டது. தீர்ப்பு நாளில் நீதிமன்றத்தின் வெளியே செவிலியர் பலர் திரண்டு நின்றனர். உண்மையைச் சொன்னவருக்கே இது நேர்ந்தால் இனி எவர் சொல்வார் என்பது அவர்களுடைய அச்சம். அந்த அச்சம் நியாயமானதே.

ஆனால் இன்னொரு நிகழ்ச்சியையும் அதனருகே வைத்துப் பார்க்க வேண்டும். 2019 ஆகஸ்டில் கொலராடோ மாநிலத்தின் அரோரா நகரில், எலைஜா மெக்லைன் என்ற 23 வயது இளைஞரைக் காவலர்கள் தெருவில் மடக்கிக் கழுத்தை அழுத்திப் பிடித்தனர். பின்னர் வந்த ஆம்புலன்ஸ் மருத்துவப் பணியாளர்கள் அவருக்கு 500 மில்லிகிராம் கெட்டமைன் மருந்தை ஏற்றினர். அவருடைய உடல் எடையைப் பெரிதும் மிகையாக மதிப்பிட்டுத் தரப்பட்ட அளவு அது. அவருடைய இதயம் நின்றது. சில நாள்களில் இறந்தார். அவரைத் தொட்டுச் சோதிக்காமலும் அவரோடு பேசாமலும் ஊசி போட்டனர் என்பது அரசுத் தரப்பின் வாதம். 2023 டிசம்பரில் இரு பணியாளர்களும் கவனக்குறைவால் உயிரிழப்பை விளைவித்த குற்றத்திற்கு உள்ளானார்கள். நொடிப்பொழுதில் எடுக்கும் மருத்துவ முடிவைக் குற்றமாக்குவதா என்று அந்நாட்டுத் தீயணைப்புப் பணியாளர் சங்கம் கண்டித்தது.

இரு நிகழ்ச்சிகளிலும் தோழர்கள் தோழர்களுக்காக நின்றனர். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றுபோல் இருக்கின்றன. உள்ளே நோக்கினால் வேறுபாடு தெரிகிறது. முன்னதில், மறைக்காமல் சொன்ன ஒருவருக்காக நின்றனர். பின்னதில், மருந்தின் அளவில் நேர்ந்த பிழையைப் பேசும் வேகத்தில், கண்முன் கிடந்த மனிதரை நோயாளியாகவே கருதிப் பார்த்தார்களா என்ற கேள்வி ஓரம் கட்டப்பட்டது. அந்தக் கேள்வியை முதலில் கேட்டிருக்க வேண்டியவர்கள் அதே சீருடை அணிந்தவர்கள்தாம். தோழர்கள் தங்களுக்குள் தீர்ப்பைத் தள்ளிப்போடும்போது, அது கடைசியில் நீதிமன்றத்துக்குப் போய்ச் சேர்கிறது. நீதிமன்றமோ குற்றம் உண்டா இல்லையா என்று மட்டுமே சொல்லவல்லது. கற்பிக்கவோ ஒப்புரவாக்கவோ அதனால் இயலாது.

அங்கே இருந்தவர்கள் மட்டுமா?

இங்கே நியாயமான மறுப்பு ஒன்று எழும். 'நள்ளிரவில், கொட்டும் பனியில், கூட்டம் கூச்சலிட, ஒருவர் மூச்சு நின்றுகொண்டிருக்கும்போது அங்கே இராதவர்கள், நாற்காலியில் அமர்ந்து எங்களுக்குத் தீர்ப்புச் சொல்வதா?' என்று அப்பணியில் உள்ளோர் கேட்பர். ஃபிராங்கின் முகத்தை இரண்டு மணி நேரம் பார்த்தவர்கள் இக்கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது. வெளியார் தீர்ப்பில் பலவேளை அறியாமையும், எவரையேனும் பலிகொடுத்துத் தீர்க்கும் ஆத்திரமும் கலந்திருப்பது உண்மை.

ஆனால் இந்த மறுப்பே நம் கருத்துக்கு வலு சேர்க்கிறது. அங்கே இருந்தவர்களுக்குத்தான் தெரியும் என்றால், சொல்லும் கடமையும் அவர்களுக்கே முதலில் உரியது. கைத்திறன் தோற்றதா, மனம் தோற்றதா என்று பிரித்தறியக் கூடியவர் பக்கத்து இருக்கையில் இருந்தவர்தாம். அவர் வாய்மூடினால், அறியாதவர்கள் பேசுவதைத் தடுக்க வழியில்லை. நட்பின் கடமைகளுள் கண்டித்துச் சொல்வதையும் ஒன்றாக வைத்த வள்ளுவரின் மொழி நம்முடையது. கண்டிக்கும் உரிமை அருகில் இருப்பவருக்கே உண்டு. ஏனெனில் அதன்பின்னும் அருகில் இருக்கப்போகிறவர் அவரே.

இன்னொன்றும் உண்டு. தோழமையைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் இருவரை மட்டுமே எண்ணுகிறோம்: தவறியவர் ஒருவர், அவருடைய தோழர் ஒருவர். மூன்றாமவர் ஒருவர் எப்போதும் தரையில் கிடக்கிறார். ரோஸ் கிடந்தாள், நோயல் கிடந்தான். தோழருக்குக் காட்டும் பற்று, அந்த மூன்றாமவருக்குத் தரவேண்டிய கடனிலிருந்து எடுத்துக் கொடுக்கப்படுமானால், அது நம்முடையதல்லாத பொருளைத் தானம் செய்வதாகும். இருவரையும் ஒரே வாகனத்தில் ஏற்றியதே அந்த மூன்றாமவருக்காகத்தான்.

படத்தின் இறுதியில் ஃபிராங்க், மேரியின் வீட்டுக்குச் சென்று தந்தை இறந்த செய்தியைச் சொல்கிறான். அங்கே ரோஸின் சாயல் கொண்டு அவள் அவனுக்கு ஆறுதல் கூறுகிறாள்; இந்த வேதனையை உன்மேல் எவரும் சுமத்தவில்லை என்னும் பொருளில் பேசுகிறாள். அவள் மடியில் தலைசாய்த்து அவன் உறங்குகிறான். வெண்ணொளி பரவுகிறது. இறந்த மகனை மடியில் ஏந்திய வியாகுல அன்னையின் சிற்பத்தை நினைவூட்டும் அக்காட்சியின் அழகை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. மூன்று இரவுகள் உறங்காத ஒருவனுக்கு அந்த உறக்கம் அருள்தான்.

ஆனால் ஒப்புரவு அருளடையாளத்தை அறிந்த நாம் ஒரு கேள்வியோடுதான் அரங்கை விட்டு எழ இயலும். அந்த அருளடையாளத்தில் மனத்துயர் மட்டும் போதாது. வாய்விட்டுச் சொல்வதும் ஈடுசெய்வதும் வேண்டும். ஃபிராங்கிடம் மனத்துயர் நிறைய உண்டு. அவன் சொல்லாதது பல: பர்க்கை எவ்வாறு சாகவிட்டான் என்பது, நோயலைத் துரத்தத் தானும் உடன்பட்டான் என்பது, டாம் என்ன செய்தான் என்பது. அவன் உறங்கும் அதே வேளையில், அடிபட்ட நோயல் மருத்துவமனையில் எங்கோ கிடக்கிறான். அவனுக்குத் தாகம் எடுக்கும். அவனுக்குத் தண்ணீர் கொடுக்க ஒருவர் வேண்டும். அவனுக்கு நேர்ந்ததைச் சொல்லவும் ஒருவர் வேண்டும். முதலாவதை இரக்கம் என்கிறோம். இரண்டாவதையும் இரக்கம் என்று அழைக்க நாம் கற்றுக்கொண்டால், தோழமைக்கும் தீர்ப்புக்கும் இடையே நாம் காணும் பகை பெரும்பாலும் மறைந்துவிடும்.